செயப்பாட்டு வினை

லண்டன்பேட்டையில் என் கடை.
கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி,
மாங்காய் மண்டி ரசீது.
புத்தகம் என்றால் பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
கையெழுத்து மோசமென்றால் நாற்பது.

நாகவேணி மேடத்துடையது முப்பது ரூபாய்க் கையெழுத்து.
ஏழு நாட்டுத் தூதரகங்கள் பார்த்தவர்,
நிஜ லண்டனில் மூன்று வருஷம் இருந்தவர்,
ஓய்வு பெற்று இந்த லண்டனுக்கு வந்து
ராயக்கோட்டை மேம்பாலம் தெரிகிற மாடியில்
தன் வாழ்க்கையை எழுதுகிறார்.
சில நாள் அதை நாவல் என்பார்.
எனக்கு இரண்டுக்கும் ஒரே ரேட்.

அதில் யாரும் எதுவும் செய்வதில்லை.
கவலை தெரிவிக்கப்படுகிறது.
விருந்து அளிக்கப்படுகிறது.
நிலைமை கூர்ந்து கவனிக்கப்படுகிறது.
பீங்கான் கோப்பைகூட அங்கே தானாக உடையாது,
உடைக்கப்படுகிறது.
நூற்றுப்பத்துப் பக்கம் அடித்தும்
ஒரு முகம் எனக்குத் தட்டுப்படவில்லை.
நாற்காலிகள் நன்றாகத் தெரிந்தன.

வீட்டில் உருது, கடையில் தமிழ்,
மண்டிக்காரர் வந்தால் தெலுங்கு,
ஓசூர் தாண்டினால் கன்னடம்.
நாலிலும் திட்டியிருக்கிறேன்,
நாலிலும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.
ஆளே இல்லாமல் பேச ஒன்றிலும் வராது.

பதினான்காம் அத்தியாயம்.
குண்டு விழுகிற பாலைவன நகரம்,
கடைசி விமானம்,
இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கை.
பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
"ஒரு பெயர் நீக்கப்பட்டது."
அடுத்த பத்தியில் விமானம் மேலேறிவிட்டது.
பிறகு ஒன்றரைப் பக்கம் மேகம்.

ப்ரூஃப் ஓரத்தில் பென்சிலால்
'யார்?' என்று போட்டேன்.
நீக்கியது யார் என்றா,
நீங்கியது யார் என்றா,
சத்தியமாக எனக்கே தெளிவில்லை.

தாளை வாங்கிப் போனவர் வரவில்லை.
செந்தூரா முடிந்து தோத்தாபுரி வந்து
மாங்கூழ் ஃபாக்டரி வாசலில் டிராக்டர்கள்
ரோடு வரை நின்ற நாட்கள் முழுக்க
அவர் மாடியில் விளக்கு மட்டும் எரிந்தது.
ஒரு பென்சில் எழுத்தால்
பெரிய வேலை கைவிட்டுப் போச்சு என்று
என் வீட்டுக்காரி ரஹீமா கணக்குச் சொன்னாள்.

ஆடி பிறந்த மறுநாள் வந்தார்.
ஒற்றைத் தாள்.
நாற்பது ரூபாய்க் கையெழுத்து.

"தீர்த்தகிரி. அரூர் பக்கம். சமையல் வேலை.
பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டியிருந்தது,
அதுதான் காரணம் என்று
இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டேன்.
பாஸ்போர்ட் இல்லாத ஆறு பேர்
அதே விமானத்தில் வந்தார்கள்.
அவன் இருக்கையில்
பெல்ட் போட்டு
ஒரு கோப்புப் பெட்டி வந்தது.
நீக்கினேன்."

அதில் 'நான்' இல்லை.
தமிழுக்கு அது தேவையும் இல்லை.
வினையின் வாலில் ஒட்டியிருக்கிறது ஒரு 'ஏன்'.
தன்மை ஒருமை விகுதி என்று
எட்டாம் வகுப்பில் அடி வாங்கிப் படித்தது.
அதைக் கேள்வியாகவும் வாசிக்கலாம் என்று
அடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.
கர்சர் அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது.
பிறகு முற்றுப்புள்ளி வைத்தேன்.

அடுத்த வரி: "அதன்பின் தெரியவில்லை."
யாருக்கு, என்று நான் போடவில்லை.

வெளியீட்டு விழாவில்
தகடூர் மண்ணிலிருந்து அன்றே
தூது போனாள் ஒருத்தி என்று
பேராசிரியர் ஆரம்பித்தார்.
மேடம் கடிகாரம் பார்த்தார்.
இருபத்தோரு பேர், போண்டா மிச்சம்.

அரூருக்கு அனுப்பிய ஒரு பிரதி
'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது,
என் கடை முகவரிக்கு.
அனுப்புநர் என்ற இடத்தில்
வெறும் நாகவேணி.
முன்னாள் என்றோ, தூதர் என்றோ எதுவுமில்லை.

பார்சலைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்தார்.
"தஸ்தகீர், அரூருக்கு பஸ் எப்போ?"

ஊத்தங்கரை போய் மாறணும் மேடம்,
காலையிலேயே கிளம்பினால்
உட்கார இடம் கிடைக்கும் என்றேன்.

நின்றுகொண்டே போகிறேன் என்றார்.